கண்ணுக்கா, பேரனுக்கா?

2007 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். மதுரையில் என் அலுவலகம் அப்போது ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறை. தெருமுனையில் இட்லிக்கடை நடத்தும் அம்மாள் ஒரு பையனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். "சார், இவனோட பாட்டியப் போலீஸ்ல கூட்டிட்டுப் போயிட்டாங்க. என் மாடியிலதான் குடியிருக்காங்க. சிலோன்காரங்க. ஒரு வருஷமா வாடகை ஒரு நாள் தப்பினதில்ல. விசா முடிஞ்சு போச்சாம்" என்றார். பையனுக்குப் பதினைந்து வயது. நான் கேட்ட எதற்கும் அவன் வாய் திறக்கவில்லை. பாட்டியின் கண்ணாடிக் கூட்டை மட்டும் கையில் வைத்திருந்தான். அவசரத்தில் அவர் அதை விட்டுவிட்டுப் போயிருந்தார்.

மறுநாள் பெண்கள் சிறையில் அந்தப் பாட்டியைப் பார்த்தேன். வயது 64. சொந்த ஊர் மட்டக்களப்பு மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் உள்ள வாகரைப் பக்கம். கண்புரை அறுவைச் சிகிச்சைக்கென்று விசா வாங்கி, துணைக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு 2006 பிப்ரவரியில் விமானத்தில் வந்தவர். ஆறு மாத விசா ஆகஸ்டில் முடிந்தது. அவர் திரும்பிப் போகவில்லை. வாடகை வீடுகளைச் சரிபார்க்கும்போது பிடிபட்டார். வெளிநாட்டவர் சட்டம் 1946, பிரிவு 14. ஐந்து வருடம் வரை தண்டனை கொடுக்க இடமிருந்த பிரிவு.

ஜாமீனுக்குப் பதினொரு நாள் ஆனது. பிணை நிற்க உள்ளூரில் சொந்தம் என்று யாரும் இல்லை. கடைசியில் இட்லிக்கடை அம்மாள்தான் வீட்டு வரி ரசீதோடு வந்து கையெழுத்துப் போட்டார். அந்தப் பதினொரு நாளும் பையன் அவர் வீட்டில்தான் சாப்பிட்டான், தூங்கினான்.

நடுவர் நீதிமன்றத்தில் சாட்சி, விசாரணை என்று இழுக்காமல் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொன்னேன். விசா முடிந்தது உண்மை. அதை மறுத்துப் பேச ஒன்றும் இல்லை. வயதைப் பார்த்து, கோர்ட் கலையும் வரை தண்டனையும் அபராதமும் என்று தீர்ப்பு வந்தது. மாலை ஐந்து மணிக்கு அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தபோது வழக்கு முடிந்தது என்றே நினைத்தேன். அது என் தவறு. வெளிநாட்டவர் மீது ஒரு தண்டனை பதிவானால் அடுத்து என்ன வரும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். மூன்று வாரத்தில் அது வந்தது: பாட்டியும் பேரனும் 14 நாட்களுக்குள் இந்தியாவை விட்டு வெளியேற வேண்டும்.

உத்தரவை அவருக்குப் படித்துக் காட்டினேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நான் போறன் மனே. இவன மட்டும் இஞ்ச விட ஏலுமா?"

அதற்குப் பிறகுதான் முழுக் கதையும் வெளிவந்தது. பையனின் தாய் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். அவள் அனுப்பிய காசில்தான் விமான டிக்கெட் வாங்கியது. பையனுக்கு ஓர் அண்ணன். "வீட்டுக்கு ஒரு பிள்ளை" என்று விடுதலைப் புலிகள் இயக்கம் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், 2003இல், பதினாறு வயதில் அவனைக் கொண்டுபோனார்கள். 2004 மார்ச்சில் இயக்கத்தின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தார். ஏப்ரலில், பெரிய வெள்ளியன்று தொடங்கி வெருகல் ஆற்றங்கரையில் இரு தரப்பும் மோதின. அதன் பிறகு கருணா தன் படையைக் கலைத்தபோது கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். அண்ணனும் வந்தான். மூன்று மாதம் வீட்டில் இருந்தான். பாட்டி சொன்ன ஒரு விவரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த மூன்று மாதமும் அவன் உள் அறையில், கதவுக்கு எதிரே தலை வைத்துத்தான் படுப்பானாம். ஜூலையில் மறுபடி வந்து கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை.

தம்பிக்கு 14 வயது முடியும் காலம் வந்ததும் பாட்டி யோசித்தார். கண்ணில் புரை இருந்தது உண்மை. மதுரையில் அறுவைச் சிகிச்சை நடந்ததும் உண்மை. ஆனால் அவர் கடல் தாண்டியது கண்ணுக்காக இல்லை.

அவர் வந்த பிறகு அங்கே நிலைமை இன்னும் கெட்டது. 2006 ஆகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டது. அங்கிருந்து விரட்டப்பட்ட ஆயிரக்கணக்கானவர்கள் தெற்கே நடந்து வாகரைக்கு வந்து சேர்ந்தார்கள். நவம்பர் 8 அன்று கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் அவர்கள் தங்கியிருந்தபோது ராணுவத்தின் ஷெல்கள் விழுந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2007 ஜனவரியில் வாகரையை ராணுவம் பிடித்தது. பாட்டிக்குத் திரும்பிப் போக வீடு இருக்கிறதா என்பதே தெரியாது. ஒரு பக்கம் ஷெல், ஒரு பக்கம் இயக்கம், இன்னொரு பக்கம் மட்டக்களப்பில் பையன்களை வேனில் ஏற்றிக்கொண்டு போகும் கருணா குழு. பதினாறு வயதுப் பையனுக்கு இந்த மூன்றில் எதுவும் பாதுகாப்பு இல்லை.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போட முடிவு செய்தேன். நான் அப்போது பன்னிரண்டு வருட வக்கீல். சர்வதேசச் சட்டத்தில் எனக்கு ஆசை அதிகம். கையில் இப்படி ஒரு வழக்கு வந்ததும், மனுவின் முதல் பக்கத்திலேயே 1949ஆம் ஆண்டு ஜெனிவா உடன்படிக்கைகளைப் போட்டேன். நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான மூன்றாம் பிரிவு உள்நாட்டுப் போருக்கும் பொருந்தும், சண்டையில் பங்கெடுக்காதவர்களை மனிதத்தன்மையோடு நடத்த வேண்டும் என்று அது சொல்கிறது, இந்தியா 1960இலேயே ஜெனிவா உடன்படிக்கைகள் சட்டம் இயற்றியிருக்கிறது என்றெல்லாம் எழுதினேன். சீனியரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்துவிட்டு, "ஜெனிவாவ முதல் பக்கத்துல வைக்காதப்பா. அரசுத் தரப்புல மொண்டேரோவ எடுத்துட்டு வருவாங்க" என்றார். நான் மாற்றவில்லை.

முதல் வாய்தாவிலேயே மத்திய அரசு வழக்கறிஞர் எழுந்து, சத்தம் போடாமல், அந்தத் தீர்ப்பின் நகலை நீதிபதியிடம் கொடுத்தார்.

மொண்டேரோ கோவாவில் வாழ்ந்த ஒரு பாதிரியார். 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் கோவாவுக்குள் நுழைந்து, 19ஆம் தேதி போர்த்துகீசியர்கள் சரணடைந்தார்கள். உடனே போரை நிறுத்தச் சொல்லும் தீர்மானம் ஐ.நா. பாதுகாப்புச் சபைக்கு வந்தபோது சோவியத் யூனியன் வீட்டோ போட்டுத் தடுத்தது. படையெடுப்பை ஐ.நா. சாசனம் தடை செய்கிறதே என்ற கேள்விக்கு, நானூறு வருடக் காலனி ஆட்சியே ஓயாத ஆக்கிரமிப்புதான் என்று இந்தியா பதில் சொன்னது. அந்த வாதத்தில் நியாயம் உண்டு என்பது என் எண்ணம். ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்களில் இந்தப் பாதிரியாரும் ஒருவர். இந்தியக் குடிமகனாக விரும்பாமல் போர்த்துகீசியக் குடியுரிமையை வைத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார். வெளிநாட்டவராகப் பதிவானார். தங்கும் அனுமதி 1964 நவம்பரில் முடிந்தது. புதுப்பிக்க மனுச் செய்யவில்லை. வெளியேறச் சொன்னார்கள், போகவில்லை. வழக்கு எந்தச் சட்டத்தில் என்று பார்த்தால், அதே வெளிநாட்டவர் சட்டம், அதே பிரிவு 14. 30 நாள் மெய்க்காவலும் 50 ரூபாய் அபராதமும்.

உச்ச நீதிமன்றத்தில் அவர் வைத்த வாதம் நேர்த்தியானது. கோவா இந்தியாவால் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி, நான் நான்காம் ஜெனிவா உடன்படிக்கையின் பாதுகாப்பில் உள்ளவன், பகுதியை இணைத்துக்கொண்டாலும் அந்தப் பாதுகாப்பைப் பறிக்க முடியாது என்று 47ஆம் பிரிவு சொல்கிறது, என்னை எப்படி வெளியேற்றுவீர்கள் என்று கேட்டார். 1969 மார்ச்சில் நீதிபதி ஹிதாயத்துல்லா எழுதிய தீர்ப்பு இரண்டு விஷயங்களைச் சொன்னது. சண்டை முழுமையாக முடிந்து, எதிர்ப்பு அடங்கி, நிலம் நாட்டோடு இணைந்துவிட்டால் ஆக்கிரமிப்பு என்ற நிலையே முடிந்துவிடுகிறது. இது முதலாவது. இரண்டாவது விஷயம்தான் என்னைத் தாக்கியது. ஜெனிவா உடன்படிக்கைகள் சட்டம் அத்துமீறுபவர்களுக்குத் தண்டனை விதிக்கிறதே தவிர, அதை வைத்துத் தனிநபர் யாரும் அரசின் மேல் உரிமை கோரி நீதிமன்றத்துக்கு வர முடியாது.

என் முதல் பக்கம் அதோடு போனது.

அன்று இரவு அந்தத் தீர்ப்பை மூன்று முறை படித்தேன். இரண்டு வழக்குக்கும் உள்ள ஒற்றுமை என்னைப் பயமுறுத்தியது. அனுமதி முடிந்தது, புதுப்பிக்கவில்லை, போகச் சொன்னார்கள், போகவில்லை. மூன்றாவது முறை படிக்கும்போதுதான் வேறுபாடு பிடிபட்டது. பாதிரியார் கேட்டது இந்த மண்ணில் இருக்கும் உரிமை. பாட்டி அதைக் கேட்கவில்லை. அவர் இந்தியாவில் இருக்க வேண்டும் என்று எந்தப் பிடிவாதமும் இல்லாதவர். ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பாதீர்கள் என்பது மட்டும்தான் அவர் கோரிக்கை. போர்ச்சுகலுக்குப் போகச் சொன்னால் பாதிரியாரின் உயிருக்கு ஆபத்தில்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்தத் தீர்ப்பு வந்தது 1969இல். அரசமைப்பின் 21ஆம் பிரிவுக்கு மேனகா காந்தி வழக்கு 1978இல் புது உயிர் கொடுப்பதற்கு ஒன்பது வருடம் முன்னால். உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உள்ள உரிமை என்ற கோணத்தில் மொண்டேரோ வழக்கு பேசப்படவே இல்லை.

மனுவைத் திருத்தி எழுதினேன். ஜெனிவாவை மூன்றாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, முதல் பக்கத்தில் 21ஆம் பிரிவை வைத்தேன். அது குடிமக்களுக்கு மட்டும் உரியதல்ல; இந்த மண்ணில் நிற்கும் எந்த மனிதருக்கும் உரியது. 1996இல் சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது. 1998இல் குஜராத் உயர் நீதிமன்றம் இரண்டு இராக்கியர்களின் வழக்கில், ஆபத்துள்ள நாட்டுக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற சர்வதேசக் கோட்பாடு 21ஆம் பிரிவுக்குள்ளேயே இருக்கிறது என்றது. நம் சென்னை உயர் நீதிமன்றமும் 1992இல், ஈழ அகதிகளை அரசு கப்பலேற்றி அனுப்பத் தொடங்கியபோது பழ. நெடுமாறன் தொடுத்த வழக்கில், அவர்கள் விரும்பித்தான் போகிறார்களா என்பதை ஐ.நா. அகதிகள் முகமை உறுதி செய்யட்டும் என்ற வழியைக் காட்டியிருந்தது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்று எதிர்த்தரப்பு சொல்லும் என்பது தெரியும். இந்த மூன்று தீர்ப்பும் அந்தக் கையெழுத்து இல்லாமலேயே வந்தவை.

பையன் விஷயத்தில் வேறொரு சிக்கல் இருந்தது. போரில் சிறுவர்களைச் சேர்ப்பதற்கு எதிராக 1977ஆம் ஆண்டு ஜெனிவா கூடுதல் நெறிமுறைகள் போட்ட வயது வரம்பு 15. 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையிலும் அதேதான். பையன் 2007 மே மாதம் பதினாறாவது வயதைத் தொட்டுவிட்டான். அந்த வரம்பு அவனைக் காக்காது. நல்ல வேளையாக, 2000இல் அந்த உடன்படிக்கைக்கு ஒரு விருப்ப நெறிமுறை சேர்ந்தது. அரசுப் படை அல்லாத ஆயுதக் குழுக்கள் 18 வயதுக்கு உட்பட்ட யாரையும் எந்தச் சூழலிலும் சேர்க்கக் கூடாது என்று அது சொல்கிறது. இலங்கை அதே 2000இல் ஏற்றுக்கொண்டது. இந்தியா ஏற்றது 2005 நவம்பரில், பாட்டி விமானம் ஏறுவதற்கு மூன்று மாதம் முன்பு. இரண்டு நாடுகளும் கையெழுத்திட்ட ஒரு தாள் என் கையில் இருந்தது.

சட்டத்தை விட எனக்கு அதிக வேலை வைத்தது ஆதாரம். பாட்டி சொல்வது உண்மை என்று எப்படிக் காட்டுவது? குவைத்திலிருந்த மகள் மூலம் சொல்லியனுப்பி, ஊர் விட்டு வெளியேறி வேறு முகாமில் இருந்த கிராம சேவகரிடம் ஒரு சான்று வாங்க இரண்டு மாதம் ஆனது. மூத்த பேரன் பெயரும் வயதும் இருந்த குடும்ப அட்டையின் மங்கிய நகல் ஒன்று கிடைத்தது. கூடவே, ஐ.நா. சார்பில் 2006 நவம்பரில் இலங்கைக்குப் போய்வந்த ஆலன் ராக் வெளியிட்ட அறிக்கையை இணைத்தேன். புலிகள் சிறுவர்களைச் சேர்ப்பதை நிறுத்தவில்லை என்பதும், கருணா குழு பிள்ளைகளைக் கடத்துவதில் பாதுகாப்புப் படையினர் சிலருக்கே பங்கு உண்டு என்பதும் அதில் இருந்தன. அவரை அனுப்பியவர், ஆயுதப் போரில் சிக்கிய குழந்தைகளுக்கான ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி ராதிகா குமாரசாமி, இலங்கைத் தமிழர்.

இறுதி வாதத்தன்று அரசு வழக்கறிஞர் தன் பங்கைச் சரியாகச் செய்தார். அந்நியரை வெளியேற்றும் அதிகாரம் அரசுக்கு முழுமையாக உண்டு என்ற 1955ஆம் ஆண்டு ஹான்ஸ் முல்லர் தீர்ப்பைப் படித்தார். வாகரை பாதுகாப்பானதா இல்லையா என்பது வெளியுறவு சம்பந்தப்பட்டது, நீதிமன்றம் அதற்குள் போகக் கூடாது என்றார். பிறகு, மிகச் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: கண் சிகிச்சைக்கு என்று சொல்லி விசா வாங்கியவர் இப்போது வேறு காரணம் சொல்கிறார், எதை நம்புவது?

நான் பயந்த இடம் அது. முந்தின நாள் பாட்டியிடம், "அம்மா, கேட்டா கண்ணுக்குத்தான் வந்தேன், பிறகு சண்டை வந்ததால போக முடியலன்னு சொல்லுங்க. அதுவும் பொய்யில்ல" என்று சொல்லியிருந்தேன். அவர் தலையாட்டினார்.

நீதிபதி பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவரை முன்னால் வரச் சொன்னார். தமிழிலேயே கேட்டார்: "நீங்க எதுக்கு வந்தீங்கம்மா? கண்ணுக்கா, பேரனுக்கா?"

பாட்டி என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேரனுக்குத்தான் ஐயா. கண் எனக்கு எப்பவும் மங்கல்தான். அது கிடக்கு. மூத்தவனக் குடுத்திட்டன். இவனையும் குடுக்க என்னால ஏலா" என்றார்.

விசா விண்ணப்பத்தில் எழுதியது முழு உண்மையில்லை என்பதை அந்த வாக்குமூலம் நிரூபித்துவிட்டது. அரசுத் தரப்புக்கு அதைவிடப் பெரிய ஆயுதம் கிடைத்திருக்காது. அரசு வழக்கறிஞர் எழுந்தார். "மை லார்ட், இதற்கு மேல் நான் அழுத்தவில்லை" என்று சொல்லி உட்கார்ந்தார். முப்பது வருடத் தொழிலில் அப்படி ஒரு கண்ணியத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

தீர்ப்பு இரண்டே பக்கம். ஜெனிவா என்ற சொல் அதில் இல்லை. 2000ஆம் ஆண்டு நெறிமுறை இல்லை. ஆலன் ராக் இல்லை. 21ஆம் பிரிவு ஒரே ஒரு வரியில் வந்தது. அகதி முகாமில் பதிவு செய்யக் கோரும் பாட்டியின் மனுவை அரசு 12 வாரத்துக்குள் பரிசீலிக்க வேண்டும், முடிவு எடுக்கும் வரை இருவரையும் நாட்டை விட்டு அனுப்பக் கூடாது என்று இருந்தது. நான் எதிர்பார்த்தது சட்ட இதழில் வரும் தீர்ப்பு. வந்தது, ஒரு கிழவியும் பையனும் அன்று இரவு நிம்மதியாகத் தூங்க உதவும் தீர்ப்பு. படியில் இறங்கும்போது எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. இட்லிக்கடை அம்மாள் அன்று மாலை தெருவுக்கே கேசரி கொடுத்தார்.

மறு வருடம் இருவரும் ஒரு முகாமில் பதிவானார்கள். 2009 மே மாதம் போர் முடிந்தது. மூத்தவனைப் பற்றித் தகவல் வரவில்லை. பாட்டி 2013இல் முகாமிலேயே இறந்தார். பையன் பெயின்ட் வேலைக்குப் போகிறான், திருமணமாகி இரண்டு குழந்தைகள்.

அன்று நான் வைத்த வாதத்தை இன்று வைத்தால் இன்னும் கடினம். ரோஹிங்கியா அகதிகளின் வழக்கில் 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, 21ஆம் பிரிவு எல்லோருக்கும் உண்டு என்று ஒப்புக்கொண்டுவிட்டு, வெளியேற்றப்படாமல் இருக்கும் உரிமையைக் குடிமக்களுக்கு மட்டுமே உள்ள 19ஆம் பிரிவோடு சேர்த்துவிட்டது. சட்டப்படியான நடைமுறையைப் பின்பற்றி அனுப்பலாம் என்றது. அந்த உத்தரவை நான் மதிக்கிறேன், ஏற்கவில்லை. தங்கும் உரிமையும், கொலைக்களத்துக்குத் திருப்பி அனுப்பப்படாமல் இருக்கும் உரிமையும் ஒன்றல்ல. மொண்டேரோ தீர்ப்பை மூன்றாம் முறை படித்த அந்த இரவில் நான் கண்டுகொண்டது அதுதான், இன்றும் என் நிலை அதுதான். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. அதை முறைப்படி ஏற்கும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

2025 செப்டம்பரில் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1946ஆம் ஆண்டுச் சட்டம் போனது. 2015 ஜனவரி 9க்குள் இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கும் வந்தது. பையன் போன் செய்தான். பையன் என்கிறேன், அவனுக்கு 34 வயது. "அண்ணா, அம்மம்மாவுக்கு அண்டைக்கு இது இருந்திருந்தா ஜெயிலுக்குப் போயிருக்க மாட்டாதானே?" என்று கேட்டான். பதிவும் செய்திருந்தால், ஆமாம் என்றேன். அடுத்து, இங்கேயே பிறந்த தன் இரண்டு பிள்ளைகளுக்கும் குடியுரிமை உண்டா என்று கேட்டான். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதமாகத் தங்கியவராகக் கணக்கில் இருந்தாலே பிறப்பால் குடியுரிமை கிடைக்காது. தண்டனையிலிருந்து விலக்கு வேறு, குடியுரிமை வேறு. அதை அவனுக்குப் புரியும்படி சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது.

இதைப் படிக்கும் இளம் வக்கீல்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படி ஒருவர் உங்கள் படியேறி வந்தால், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லும் முன் வெளியேற்ற உத்தரவைப் பற்றி யோசியுங்கள். ஊர்ச் சான்றையும் குடும்ப அட்டையையும் முதல் நாளே தேடத் தொடங்குங்கள். மனுவின் முதல் பக்கத்தில் 21ஆம் பிரிவை வையுங்கள். ஜெனிவாவை மூன்றாம் பக்கத்திலாவது எழுதிவிடுங்கள். எந்த நீதிபதி அதைத் தீர்ப்பில் எடுத்துச் சொல்வார் என்பது நமக்குத் தெரியாது. மனுவில் இல்லாததை எவரும் எடுத்துச் சொல்ல முடியாது.